பழுதும் பழியும்

பழுது என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. குற்றம் என்பது ஒன்று; பயனின்மை என்பது மற்றொன்று; பொய் என்பதும் அதன் பொருளாக அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. இக்கல்லூரியில் நான் இயற்பியல் மாணவனாயிருந்த நாளில், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் பேராசிரியர் ஒருவர் இதனை விளக்கியபோது, இம்மூன்றும் ஒரே சொல்லில் எவ்வாறு குடியேறின என்று எங்களுள் சிலர் வியந்தோம். இன்று உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாக இருக்கும் எனக்கு, மூன்று பொருளும் ஒருசேர நிற்கும் இடம் ஒன்று தெரியும். அது பள்ளியின் இருப்புப் பதிவேடு. அதில் ஒரு பொருளுக்கு எதிரே ‘பழுது’ என்று எழுதப்படுமானால் அப்பொருள் குற்றமுடையதாகிறது. பீரோவுக்குள் பூட்டப்படுவதால் பயனற்றதாகிறது. பல வேளைகளில் அந்த எழுத்தே பொய்யாகவும் இருந்துவிடுகிறது.

தமிழ்த்துறை மலருக்கு மின்பொறி பற்றிய கட்டுரை எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். சொல் தவறான இடத்தில் எழுதப்பட்டதால் ஒரு சிறுமிக்கு நேரவிருந்த இழுக்கைப் பற்றியதே இது.

2016ஆம் ஆண்டு நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் கையால் செய்து கற்கும் பொருட்டு, நாடெங்கும் பத்தாயிரம் பள்ளிகளுக்கு மேல் ஆய்வுக்கூடங்கள் அத்திட்டத்தின்கீழ் அமைந்துள்ளன. பள்ளியொன்றுக்கு இருபது இலட்சம் ரூபாய் வரை நல்கை உண்டு. எங்கள் பள்ளிக்கு வந்த பெட்டிகளில் உணரிகள், சிறு மோட்டார்கள், வண்ண வண்ணக் கம்பிகள் ஆகியவற்றோடு நீலநிறக் கட்டுப்பாட்டுப் பலகைகளும் இருந்தன. ஆர்டுயினோ ஊனோ என்பது அதன் பெயர். இத்தாலியின் இவ்ரேயா என்னும் ஊரில் 2005ஆம் ஆண்டளவில், வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர்களுக்காக ஆர்டுயினோப் பலகை முதன்முதலில் உருவானது. அவ்வூர் மதுக்கடை ஒன்றின் பெயர் இதற்கு வாய்த்தது. அக்கடைக்கோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆர்டுயின் மன்னனின் பெயர். மன்னர் பெயர் ஏரிகளுக்கு வாய்த்த தொண்டை நாட்டில் இருந்துகொண்டு இதை வியப்பதற்கில்லை.

உள்ளங்கையளவே உள்ள இப்பலகைதான் எந்திரக் கையின் மூளை. கணிப்பொறியோடு யு.எஸ்.பி. வடம் ஒன்றினால் இணைத்தால், அந்த ஒரே வடம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நாம் எழுதும் ஆணைத்தொடரைப் பலகைக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்று. 5 வோல்ட் மின்சாரம் ஊட்டுவது மற்றொன்று. வடத்தின் உள்ளே நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் செய்திக்கு. சோறும் சொல்லும் ஒரே வாயில் வழி வருவதால்தான் குழப்பமும் நேர்கிறது. உணவின்றி மயங்கியவனை ஊமை என்று கருதிவிடுகிறோம். செய்தி எட்டாதவனைச் செத்தவன் என்று எழுதிவிடுகிறோம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கென ஏரி மதகு ஒன்றின் மாதிரியைச் செய்தாள். அவள் பாட்டனார் நீர்க்கட்டியாக இருந்தவர். மழைக்காலத்து இரவுகளில் கழுத்தளவு நீரில் இறங்கி மதகைத் திறந்தவர். அவர் இறங்கிய இடத்தில் ஒரு எந்திரக் கை இறங்க வேண்டும் என்பதே பேத்தியின் எண்ணம். உத்திரமேரூரில் இவ்வெண்ணம் ஒரு குழந்தைக்குத் தோன்றுவது இயல்பே. அவ்வூர்ப் பேரேரி பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் எனப் பெயர் பெற்றது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்த வாரியங்களுள் ஏரி வாரியம் என ஒன்று இருந்ததையும் அறிவர். தேர்தல் முறைக்காக அக்கல்வெட்டைப் போற்றும் நாம், ஏரியைக் கண்காணிக்கவே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தனர் என்னும் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம்.

அவள் செய்த கைக்கு மூன்று சிறு மோட்டார்கள்: தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று. நீர்மட்டம் உயர்ந்ததும் கை இறங்கி, மதகுப் பலகையைப் பற்றி, மேலே தூக்க வேண்டும். இறங்கியது, பற்றியது, தூக்கும் தறுவாயில் ஒருமுறை உதறி, தொடக்க நிலைக்கே திரும்பியது. கணிப்பொறி, கருவி அறுந்துவிட்டதாக ஓர் ஒலி எழுப்பியது. மீண்டும் முயன்றாலும் அதே கதை. சில வேளை காலையில் ஒழுங்காக ஓடும். பத்து நிமிடத்தில் முற்றிலும் நின்றுவிடும். மதிய உணவுக்குப் பின் எவரும் தொடாமலே உயிர் பெறும்.

கருவிகளை வழங்கிய நிறுவனத்தின் பயிற்றுநரிடம் பள்ளியிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். அவர் பலகையைப் பார்க்காமலே, “போர்டு போய்விட்டது, குழந்தைகள் கம்பியை மாற்றிச் செருகியிருப்பார்கள்” என்றார். அதுவே தீர்ப்பாயிற்று. பதிவேட்டில் ‘மாணவியின் கவனக்குறைவால் பழுது’ என்று பென்சிலால் ஒரு வரி ஏறியது. மையால் எழுதப்படுவதற்கு முன் ஒரு வாரம் இருந்தது. தலைமையாசிரியரைக் குறை கூற எனக்கு மனமில்லை. தணிக்கையாளர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கல்வெட்டிலும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு மறுபடி இடமில்லை என்றுதான் உள்ளது. ஆனால் அன்று கணக்குக் கேட்டது ஏரி நிறைந்திருப்பதற்காக. இன்றோ பொருள் பீரோவில் இருந்தால் போதும், கணக்குச் சரியாகிவிடுகிறது.

அந்தப் பெண் அழவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, “சார், நான் எதையும் மாற்றிச் செருகவில்லை. இதைப் பாருங்கள்” என்றாள். பென்சிலால் கோடு போட்டு அட்டவணை எழுதியிருந்தாள். மோட்டார் எதுவும் இணைக்காமல், பலகையிலுள்ள விளக்கை மட்டும் சிமிட்டச் செய்தபோது ஒரு பிற்பகல் முழுதும் நிற்கவில்லை. ஒரு மோட்டாரோடு இருபது முறை, நிற்கவில்லை. இரண்டு மோட்டார்களோடு இருபது முறையில் இரண்டு முறை நின்றது. மூன்றோடு, பலகையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் நின்றது. நிற்கும்போதெல்லாம் 13ஆம் முனைக்குரிய சிறுவிளக்கு விரைந்து சிமிட்டியது என்றும் ஓரத்தில் குறிப்பு.

எரிந்துபோன பலகை மோட்டார்களை எண்ணிப் பார்த்து நிற்பதில்லை. அந்தச் சிமிட்டலும் சாவின் அறிகுறியன்று. மின்சாரம் தாழ்ந்து மீண்ட பலகை புதிதாகத் தொடங்கும்போது காட்டும் அடையாளம். பலகை நல்லது என்பதற்கான சான்று முழுதும் அந்த நோட்டில் இருந்தது. கேட்பார் இல்லாமல் இருந்தது, அவ்வளவே. ஆனால் சான்று கையில் இருப்பது ஒன்று; நோய் எங்கே என்று காட்டுவது மற்றொன்று.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் உண்டு. ஊரார் அவரைப் பாய் என்பர். அந்தப் பெண்ணுக்குப் பாய் தாத்தா. நுண்செயலி என்னும் சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. எங்களிடமிருந்த டிஜிட்டல் மீட்டர் மோட்டார் இயங்காத நிலையில் 4.9 வோல்ட் காட்டியதைச் சொன்னேன். அவர் தலையசைத்து, “சும்மா இருக்கும்போது அளந்து என்ன பயன் வாத்தியாரே? எங்கள் பக்கத்து மோட்டார் எல்லாம் சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஓடும்போது எவ்வளவு?” என்றார்.

பள்ளிக்கே வந்தார். முள் அசையும் பழைய மீட்டர் ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்தார். பலகையில் 5 வோல்ட் முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே அதைப் பிடித்துக்கொண்டு, “இப்போது தூக்கச் சொல் அம்மா” என்றார். கை இறங்குகையில் முள் நாலரைக்கு வந்தது. மதகுப் பலகையைத் தூக்குகையில் நான்குக்கும் கீழே சரிந்தது. விளக்கு சிமிட்டியது, கை உதறியது, முள் மேலே ஏறியது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறையே எண்ணை மாற்றும். இடையில் நிகழும் சரிவு அதன் கண்ணில் படுவதில்லை. முள்ளுக்கும் சோம்பல் உண்டாதலால் உண்மையான சரிவு இன்னும் ஆழமாகவே இருந்திருக்க வேண்டும். “கிணற்று மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குகிறது அல்லவா, அதுதான்” என்று கூறிப் பெரியவர் தேநீர் அருந்தத் தொடங்கினார்.

அவர் சொன்னதை எண்களால் சொல்வதென்றால் இவ்வாறு. இத்தகைய சிறு மோட்டார் எளிதாகச் சுழலும்போது நூறு, இருநூறு மில்லி ஆம்பியரோடு நிறைவடையும். சுமையால் தடைப்பட்டு நின்றாலோ அரை ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். கணிப்பொறியின் யு.எஸ்.பி. 2.0 வாயில் ஒன்று தரக் கடமைப்பட்டதே அரை ஆம்பியர்தான். எங்கள் ஆய்வுக்கூடத்திலோ பலகை நேரே கணிப்பொறியில் இணைக்கப்படவில்லை. மேசை தொலைவில் இருந்ததால் இரண்டு மீட்டர் நீட்டிப்பு வடம். அதன் முனையில், தனி மின்னூட்டம் இல்லாத பல்வாயில் பெட்டி. அதிலேயே சுட்டியும் விசைப்பலகையும். அத்தகைய பெட்டி ஒவ்வொரு வாயிலுக்கும் உறுதியளிப்பது நூறு மில்லி ஆம்பியர் மட்டுமே. மலிவான வடத்தின் கம்பி மயிரிழை போன்றது, மீட்டருக்கு 0.21 ஓம் அளவில் தடை உண்டு. போகவும் வரவும் நான்கு மீட்டர், ஆக 0.85 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.4 வோல்ட் தொலைந்துவிடும். செருகுமுனைகளின் தளர்ச்சி இதற்கு மேல்.

அந்தப் பெண்ணுக்கு இதை ஓமின் விதி கொண்டு விளக்கத் தொடங்குமுன், அவளே, “கடைமடை சார்” என்றாள். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. ஏரி நிறைந்திருக்கிறது; மதகும் திறந்திருக்கிறது; கால்வாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்து, தலைமடைக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ச்சினால் கடைமடை வயல் காயும். வயலைப் பழுது என்று எவரும் எழுதுவதில்லை.

யு.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரம் இப்பலகையில் அழுத்தச் சீராக்கியைக் கடந்து செல்வதில்லை. அதற்கென உள்ள உருளைத் துளை வழியே ஊட்டினால்தான் சீராக்கி வேலை செய்யும். ஆகவே வடத்தில் நேரும் சரிவு அப்படியே மூளையைத் தாக்குகிறது. இந்தப் பலகையின் வேகத்துக்கு நுண்செயலி ஏறத்தாழ 3.8 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் பிழையின்றி இயங்கும், 2.7 அளவுக்கு இறங்கினால் தன்னைத்தானே நிறுத்திப் புதிதாகத் தொடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முற்றிலும் நின்று, மதியத்துக்குப் பின் உயிர் பெற்ற மாயத்துக்கும் காரணம் உண்டு. யு.எஸ்.பி. வாயிலை அடுத்துப் பலகையில் ஓர் உருகி இருக்கிறது. மின்னோட்டம் அளவு மீறினால் சூடேறி வழியை அடைக்கும். ஆறியதும் தானே திறக்கும். அறுந்துபோகும் உருகியையே கண்டு பழகிய நமக்கு இது பேய் வேலையாகத் தோன்றுகிறது.

ஊட்டம் சீராயிருந்தாலன்றி எந்திரம் சீராயிராது என்பதைப் பொறியாளர்கள் இன்று நேற்று உணர்ந்தவர் அல்லர். தியார்பக்கிர் நகரை ஆண்ட அர்துக்கிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்-ஜஸரீ, தம் நுட்பப் பொறிகளைப் பற்றிய அரபு நூலை 1206ஆம் ஆண்டு நிறைவு செய்தார். தானே இசைக்கும் பொம்மைகளும், கை கழுவ நீர் வார்க்கும் உருவங்களும், கோட்டை வடிவக் கடிகாரமும் அதில் உள்ளன. யாவும் நீரால் இயங்குவன. தொட்டியில் நீர் குறையக் குறைய ஒழுக்கின் விசையும் குறையும், கடிகாரம் தாமதிக்கும். எனவே கடிகாரத்தில் மிதவையோடு கூடிய சிறு அறை ஒன்றை இடையே வைத்து, அதிலுள்ள நீர்மட்டம் எப்போதும் மாறாதிருக்கச் செய்தார். பொம்மையின் அழகைப் பேசுவோர் அந்த மிதவையறையைப் பேசுவதில்லை. நம் பலகையிலுள்ள சீராக்கியின் மூத்த உறவு அதுவே.

தீர்வுக்கு ஆன செலவு மிகச் சிறிது. பல்வாயில் பெட்டியையும் நீட்டிப்பு வடத்தையும் நீக்கி, மேசையைக் கணிப்பொறிக்கருகே நகர்த்தி, குட்டையான தடித்த வடம் ஒன்றால் பலகையை நேரே இணைத்தோம். மோட்டார்களுக்குப் பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பதை அறவே நிறுத்தினோம், 1.5 வோல்ட் பேட்டரிகள் நான்கைக் கூட்டிற் கோத்து, அவற்றிலிருந்து நேரே ஊட்டினோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாணவ நண்பர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனையைப் பலகையின் 5 வோல்ட் முனையோடு சேர்க்கலாகாது; எதிர்முனையை மட்டும் பலகையின் எதிர்முனையோடு கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் மோட்டார் தாறுமாறாக உதறும். தளமட்டம் வெவ்வேறான இரு வயல்களின் வரப்பை ஒரே கோலால் அளக்க முயல்வது போன்றது அது. மோட்டார்களின் மின்முனைகளுக்கிடையே ஆயிரம் மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வைத்தோம். திடீர்த் தேவைக்கு ஈடுகொடுக்கும் சிறு குட்டை என அதைக் கருதலாம்.

அத்தனையும் செய்தபின் அவள் ஆணைத்தொடரிலும் ஒரு மாற்றம் செய்தாள். மூன்று மோட்டார்களும் ஒரே கணத்தில் புறப்படாமல், ஒன்று நின்று அரை நொடி கழிந்தபின் மற்றொன்று புறப்படுமாறு எழுதினாள். “முறை வைத்துப் பாய்ச்சுகிறேன்” என்றாள். அன்று மாலை முள் நாலே முக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. நோட்டில் நாற்பது முறை என்று எழுதி, எதிரே நிற்றல் ஏதுமில்லை எனக் கோடிட்டாள்.

மறுநாள் பதிவேட்டிலிருந்த பென்சில் வரியைத் தலைமையாசிரியர் தம் கையாலேயே அழித்தார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர், அவளிடம் ஒன்றும் கூறாமல், பீரோச் சாவியை என்னிடம் நீட்டினார். உள்ளே முந்தைய ஆண்டுகளில் பழுதெனப் பூட்டப்பட்ட பலகைகள் மூன்று இருந்தன. எதன் எதிரே எந்தப் பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது என்பதை நான் படித்துப் பார்த்தேன். அவர்களுள் ஒருவன் இப்போது செங்கல்பட்டில் தொழிற்பயிற்சி பெறுகிறான்.

முதற்பலகை நானோ எனப்படும் சிறிய வகை. செருகியதும் விளக்கு எரிந்தது. கணிப்பொறியோ அதை அறியவே இல்லை. ஊட்டம் இருக்கிறது, பேச்சு இல்லை. அதனோடு சுற்றி வைக்கப்பட்டிருந்த வடத்தை மீட்டரால் சோதித்ததில், சிவப்பும் கறுப்பும் தவிர வேறு கம்பியே அதில் இல்லை என்பது தெரிந்தது. மின்னேற்றத்துக்கு மட்டும் ஆன வடம் அது.  நான்கு கம்பி வடத்தை இட்டதும் பலகை பேசியது.

இரண்டாவது, ஊனோவைப் போன்றே செய்யப்பட்ட மலிவுப் பலகை. இதற்கு வடம் நல்லது. எனினும் கணிப்பொறியின் கருவிப் பட்டியலில் மஞ்சள் வியப்புக்குறியோடு அறியாத கருவி என்றே காட்டியது. மூலப் பலகையில் யு.எஸ்.பி. செய்தியை மொழிபெயர்க்கும் சில்லு ஒரு வகை; இதிலிருந்ததோ சீனத்தில் செய்யப்படும் சி.எச்.340 என்னும் வேறொரு வகை. மொழிபெயர்ப்பாளன் பேசும் மொழியைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் இயக்கி மென்பொருளை நிறுவ வேண்டும். நிறுவியதும் வாயில் எண் தோன்றியது. ஐந்து நிமிட வேலை.

மூன்றாவதைக் கையில் எடுத்தபோதே கருகிய வாடை இருந்தது. சீராக்கிச் சில்லின் முதுகு வெடித்திருந்தது; உருளைத் துளை வழியே தாங்கவொண்ணா அழுத்தம் ஏறியிருக்கிறது. அதற்கு நேரே ‘பழுது’ என்றே விட்டுவைத்தோம். ‘மாணவர்’ என்னும் சொல்லை மட்டும் நீக்கினோம். பாய் அதைத் தம் கடைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். சீராக்கியை மாற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். சனிக்கிழமைகளில் அந்தப் பெண்ணும் அங்கே போய் அமர்ந்து, ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.